ஒரு மூடி உரம்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நாற்றுப் பண்ணை மேஸ்திரி, "வாளித் தண்ணிக்கு ஒரு மூடி உரம் போடும்மா" என்றார். உர டப்பாவுக்குள் அளப்பதற்கென்று கிடந்த குட்டி மூடியைச் சொல்லியிருக்கிறார். நான் டப்பாவின் மூடியாலேயே அள்ளிப் போட்டேன். தக்காளி நாற்றெல்லாம் தலை தொங்கிவிட்டது. தாகமாக்கும் என்று அதே தண்ணீரை மறுபடி ஊற்றினேன்!

"வெள்ளரிக்காயில உப்பைப் பிசறினா தண்ணி விடுதில்ல? உரம் கூடிப்போனா வேரும் அப்படித்தான்டி" என்றாள் கூட வேலை செய்யும் அக்கா.

வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒன்றுகூட நிமிரவில்லை. போன மாதம் இதைவிடச் சின்னத் தவறுக்கு ஒருத்தியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன் உப்புக் கரண்டியை அனுப்பி வை, இனி அதில்தான் அளப்பேன். மேஸ்திரி வருகிறார். மேலே 'நலம்' என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் நம்பு.