இலையின் குளிர்ந்த பக்கம்

அன்புள்ள கிளாவா சித்திக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் ஓடையில் வழுக்கி விழுந்ததில் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

இருமலுக்கு இந்த ஊரார் காய்ச்சித் தந்த இலையின் பெயர் "தாயும் மாற்றாந்தாயும்". கன்னத்தில் வைத்தால் பஞ்சுபோன்ற அடிப்பக்கம் கதகதக்கும், அது தாய்; வழவழத்த மேல்பக்கம் குளிரும், அது மாற்றாந்தாய். பெயர் அப்படித்தான் வந்ததென்று, நான் தொகுக்கும் செடிப்பெயர் அகராதியில் எழுதச் சொல்கிறார் அதன் பதிப்பாசிரியர். ஆதாரம் கேட்டேன். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, லீதியா அர்காதியெவ்னா!" என்றார்.

இங்கே படகில் தபால் கொண்டுவரும் ஸினாயிதா, மூத்தாள் பிள்ளைகள் மூவரை வளர்த்தவள், சிரித்தாள். "அடி படிச்சவளே, மழையும் ஆலங்கட்டியும் எந்தப் பக்கம் விழுது? குளிராம என்ன செய்யும்?"

அதுவும் ஆதாரம் ஆகாதுதான். இரண்டையும் ஊரார் சொல்லும் விளக்கம் என்றும், பெயரின் மூலம் தெரியவில்லை என்றும் எழுதிவிட்டேன். பதிப்பாசிரியர் அதை மாற்றினால் அகராதியிலிருந்து என் பெயரை எடுத்துவிடட்டும்.

பத்து வயதில் இந்த இலையின் மேல்பக்கத்தை உங்கள் கன்னத்தில் அழுத்தி, "இது நீங்க" என்றேன். நீங்கள் குனிந்து என் ஈரப் பூட்ஸைக் கழற்றினீர்கள். நான் மறக்கவில்லை.

கம்பளிக் காலுறையும் உங்கள் கையால் செய்த ராஸ்பெரி ஜாமும் அனுப்புங்கள். தபால் படகு கிளம்புகிறது, ஸினாயிதா கத்துகிறாள்.

உங்கள் மகள்,
லீதியா