நீலச் சுவரும் வெள்ளைச் சட்டையும்

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். அங்கே எல்லாரும் நலமென்று நம்புகிறேன். நீ அனுப்பிய படங்கள் வந்தன. பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

நம் பழைய பிரெஞ்சு வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்றாய், சரி என்றேன். அதற்காகக் கூடம் முழுக்கக் கருநீலம் அடிப்பாயா? கதவுக்கும் நிலைக்கும் மஞ்சள், மாடிப்படி விளிம்புக்கெல்லாம் ஆரஞ்சு! அந்த உயரமான கூரைக்கும் நீள ஜன்னல்களுக்கும் வெள்ளைதானே அழகு? அம்மா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள். ஊரார் வீட்டையெல்லாம் அழகாக அலங்கரித்துக் கொடுப்பவள் நீ, நம் வீட்டை சர்க்கஸ் கூடாரம் ஆக்கிவிட்டாயே!

அப்பா எப்படிச் சம்மதித்தார்? அவர்தான் என்னோடு பேசுவதில்லையே, கேட்க வழியில்லை. மற்றவை பிறகு பார்க்கலாம்.

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டு கிடைத்தது. காது பத்திரம். இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே"ன்னு அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். இன்று மீறுகிறேன்.

அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே போகிறது. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு அவருக்குத் தெரிவதில்லை. நெற்றியில் இரண்டு முறை தையல் போட்டாயிற்று. கருநிறத்துக்குப் பக்கத்தில் வெளிர்நிறம் இருந்தால்தான் எது எங்கே முடிகிறது என்று அவருக்குப் பிடிபடுகிறது. அம்மாவின் வெள்ளையை மறைக்கும்போது எனக்கும் கை கூசத்தான் செய்தது. ஆனால் இப்போது யார் கையையும் பிடிக்காமல் மாடியேறுகிறார், ஒவ்வொரு படிக்கும் "ஆரஞ்சு, ஆரஞ்சு" என்று சொல்லிக்கொண்டே.

இன்னொன்று. போன தடவை நீ வந்தபோது, அப்பாவோடு போனில் போட்ட சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, அவரே முதலில் பேசட்டும் என்று கூடத்துச் சுவரோரம் நின்றாய். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர். அப்பா உன்னைக் கடந்து போனார். முகம் கொடுக்கவில்லை என்று அன்று மாலையே கிளம்பிவிட்டாய். அவர் உன்னைப் பார்க்கவே இல்லை, அண்ணா. நீ வந்து போனது தெரிந்ததும், "வந்தவன் ஒரு வார்த்தை பேசாம போயிட்டானே"ன்னு அவர் புலம்பினார். எனக்கு எல்லாம் தெரியும். சத்தியத்துக்காக உன்னிடமும், மனசு உடைந்துவிடுவார் என்று அவரிடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அது உறுத்துகிறது.

உன் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டினேன். "எப்பவும் பார்க்கலாம், பார்க்கலாம்னே முடிக்கிறான். நான் எப்பம்மா பார்க்கிறது?" என்று சிரித்தார். இருக்கிற பார்வையும் இன்னும் சில மாதம்தான் என்கிறார் மருத்துவர்.

குட்டி

மார்ச் 24

அன்புள்ள குட்டிக்கு,

பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

கண் தெரியாதவர் முன்னால் வீம்பாக முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட்டிருந்தால் போதும். உன் மேல் தப்பில்லை, எல்லாம் என் கொழுப்பு. சர்க்கஸ் என்றதை மன்னித்துவிடு.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். அப்பாவிடம் சொல்லாதே. அதே வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். உன் நீலச் சுவரின் முன்னால் நின்று நானே முதலில் கூப்பிடுகிறேன். அவர் திரும்பும்போது நான் தெரிய வேண்டும்.

அண்ணன்