மூன்று கதவுகளில் எழுதிய தேதி

12-9-62, புதன்
காலையில் மூடுபனி, ஒன்பதுக்கு மேல் வெயில். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் மலேரியாவுக்குக் கொசு மருந்து அடிக்கும் வேலை, நான்காம் நாள். 14 வீடு. ஆள் இரண்டே பேர்: நான், வாணியம்பாடி காதர் பாய்.

வாங்க: சோப்பு, பீடி, காவிக்கட்டி (மருந்து அடித்த வீட்டுக் கதவில் தேதி எழுத).

மதியம் கஞ்சா லேகியம், சுண்டைக்காய் அளவு. பம்பு சுமந்த தோள்வலி போன இடம் தெரியவில்லை. சாமைக் கதிரில் காற்று ஓடுவதை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தேன். பாய் தொடமாட்டார். "அது உன்ன ஆட்டி வைக்கும் தம்பி" என்றார். சிரித்தேன். யாரும் எனக்கு ஊட்டவில்லை. நானே யோசித்து எடுத்துக்கொள்வது. வேண்டாம் என்றால் நாளையே விடுவேன்.

13-9-62, வியாழன்
தூறல். 17 வீடு. அதில் ஓடைக்கு மேலே உள்ள மூன்றுக்கும் நான் மட்டும். லேகியம் இரண்டு உருண்டை. மனசு நிறைவு. வேறு எழுதத் தோன்றவில்லை.

14-9-62, வெள்ளி
பாய் மருந்துத் தூளை அளந்தார்.

"இன்னா தம்பி, மூணு வூட்டுக்கான தூள் அப்படியே கீது?"

சொல்லிவிட்டேன். மேல்வீடுகள் மூன்றும் சாத்தியிருந்தன. முதலில் கதவுகளில் தேதி எழுதினேன். பிறகு பாறையில் உட்கார்ந்தேன். மேகம் காலுக்குக் கீழே போயிற்று. பம்பைத் தொடாமலே இறங்கி வந்து, கணக்கு நோட்டில் 17 என்று போட்டேன்.

"லேகியம் பண்ண வேலை பாய்."

"லேகியமா வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டுச்சு?"

கோபம். மதியம்வரை அவரோடு பேச்சில்லை.

யோசித்தேன். பாறையில் இருந்தபோதே 'அடிக்கவில்லை, அடித்ததாக எழுதிவிட்டோம்' என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் உறுத்தவில்லை. லேகியம் தந்தது அந்த உறுத்தாமையை மட்டும். மற்றதெல்லாம் என் கை. இது புரிந்ததும் பயம் வரவில்லை, தெம்பு வந்தது. என் கை செய்தது என்றால் என் கையால் திருத்தவும் முடியும்.

15-9-62, சனி
விடிந்ததும் தனியே ஏறினேன். இரண்டு வீடு முடித்தேன். மூன்றாவது வீடு பொன்னியுடையது. ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். உள்ளே அவள் புருஷன் சடையன், காய்ச்சலில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு. வியாழனும் அங்கேயேதான் படுத்திருந்தானாம். கதவில் யாரோ சுரண்டும் சத்தம் கேட்டதாம். எழுந்திருக்க முடியவில்லையாம். நான் கதவைத் தட்டக்கூட இல்லை.

பொன்னி கேட்டாள்: "அன்னிக்கே அடிச்சதா எழுதிக்கீதாமே?"

"அடிக்கல. பொய்யா எழுதிட்டேன்."

"ஏன்?"

"லேகியம் சாப்ட்டுட்டு பாறையில ஒக்காந்துட்டேன்."

முந்தானையைச் செருகிக்கொண்டாள். "இவுரு குடிச்சுட்டு வந்தா சாராயம் பேசுச்சுன்னுவாரு. நீ உன்னயே சொல்ற. சரி, பானையப் புடி, வெளிய வைக்கலாம்."

பானை, முறம், சாமை மூட்டை எல்லாம் வெளியே. சடையனையும் கைத்தாங்கலாக. சுவர் நான்கும், கூரையின் உள்பக்கமும் அடித்தேன்.

இறங்கி வந்து சொன்னதும் பாய் ஆறுதல் சொன்னார்: அந்தக் காய்ச்சல் வியாழனுக்கு முன்பே வந்தது, உன்னால் இல்லை. சரிதான். ஆனால் அவனைக் கடித்த கொசு மருந்தில்லாத சுவரில் இரண்டு நாள் சுகமாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் படுத்தவள் பொன்னி.

நோட்டில் வியாழன் 17-ஐ அடித்து 14 ஆக்கினேன். பக்கத்தில் கையெழுத்து.

16-9-62, ஞாயிறு
வேலை இல்லை. துணி துவைத்தேன். வாய் வறட்சி, எதைப் பார்த்தாலும் எரிச்சல். டப்பாவில் ஆறு உருண்டை. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தொடாமல் இருந்து காட்டலாம் என்று நினைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. யாருக்குக் காட்ட? கஞ்சி காய்ச்சிய அடுப்பில் போட்டேன். ஆறும் எரியும்வரை அங்கேயே நின்றேன். ஆசை போகவில்லை. அது இருக்கட்டும். ஆசை வருவது என் கையில் இல்லை, வாயைத் திறப்பது என் கையில்.

17-9-62, திங்கள்
மலேரியா இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். நோட்டைப் பார்த்து, "இன்னாய்யா இது அடித்தல் திருத்தல்? மழைன்னு எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். நல்ல மனுஷர்.

"மழை இல்ல சார், நான்தான்" என்று முழுக்கச் சொன்னேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ். திட்டவில்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். நோட்டு இனி பாய் கையில். மேலிடத்தில் என்ன செய்வார்களோ தெரியாது.

மூவரும் பொன்னி வீட்டுக்குப் போனோம். சடையனுக்கு மாத்திரை. இருவர் விரலிலும் இன்ஸ். குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார். பொன்னிக்குக் காய்ச்சல் இல்லை, இதுவரை. சோதனை முடிவு வேலூரிலிருந்து வர நாளாகும்.

அது வந்ததும் நானே மேலே எடுத்துப் போய் அவளிடம் சொல்கிறேன் என்று கேட்டேன். கெட்ட சேதியாக இருந்தாலுமா என்றார் இன்ஸ். ஆமாம் சார் என்றேன்.

சரி என்றார்.