இரண்டாம் தடவை வருபவர்களுக்கான திட்டு

இன்று காலை பழைய கோப்புகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாளிலிருந்து நெத்திலி வாடை அடித்தது. எடுத்துப் பார்த்தால், உன் தொக்குப் பாட்டிலுக்காக ஜப்பானியருக்கென்று நான் எழுதிய முதல் கதை. ‘அலைகளோடு போராடும் பெண்களின் கண்ணீரும் உழைப்பும்’ என்று தொடங்கியிருந்தேன். ‘கண்ணீர்’ என்ற இடத்தில் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. பக்கத்தில் உன் கிறுக்கல்: ‘இது இன்னாத்துக்கு? உப்பு ஏற்கெனவே தூக்கலா கீது.’

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உயிரோடிருந்தபோதும் நீ என் மின்னஞ்சல் எதற்கும் பதில் போட்டதில்லை.

இராயபுரத்தில் பத்தாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்சு. அப்புறம் நீ திருவொற்றியூர் மார்க்கெட்டில் உன் அம்மாவோடு மீன் விற்க உட்கார்ந்தாய். நான் பல்கலைக்கழகம் போனேன். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையை வெவ்வேறு நாட்டுக்காரர்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவது என் பிழைப்பு என்று விளக்கியபோது, "அப்போ ஊருக்கு ஒரு பொய்யா?" என்று கேட்டாய். நான் கோபித்துக்கொண்டேன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததுதான் காரணம்.

உன் கடைக்குத் திட்டு வாங்குவதற்கென்றே ஒரு கூட்டம் வரும். வங்கி மேலாளர் ஒருவர் வஞ்சிரத்தின் செவுளைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தியா? புட்ச்சிருந்தா பையில போடு!" என்றாய். மனிதர் சிவந்துபோய்ச் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் அழைத்து வந்தார்.

பின்னால் எர்ணாவூரில் ஒரு ஷெட் பிடித்து நெத்திலித் தொக்கு போட ஆரம்பித்தாய். உன் பேச்சை நம்பி ஐந்து பெண்கள் தெருத்தெருவாகக் கூடை சுமப்பதை விட்டுவிட்டு வந்தார்கள். பாட்டில்கள் வளைகுடாவுக்குப் போயின. அங்கே வாங்கியவர் திடீரென்று கடையை மூடினார். ஷெட்டில் அடுப்பு அணைந்தது. அந்த நேரத்தில்தான் கடைகள் வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஜப்பானிலிருந்து தொக்கை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் வேண்டாமென்றால் ஐந்து பேரும் மறுபடி கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

அதனால்தான் பயந்தேன். "திட்டெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு மரியாதை ரொம்ப முக்கியம். வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிரு" என்றேன்.

"வாய தெறக்காம எப்டிமே சிரிக்கறது?" என்றாய்.

அந்த அம்மாள் வந்தார். மொழிபெயர்க்கச் சென்னைப் பெண்ணொருத்தி கூட வந்தாள். நான் கடலன்னை, கண்ணீர், உழைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார். என் தொழிலில் அந்தத் தலையசைப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றி, போய் வருகிறேன் என்பதற்கு முந்தைய தலையசைப்பு. ஐந்து பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அவர் கை மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு கரண்டித் தொக்கு. இன்னொன்று. மூன்றாவதற்குக் கரண்டி போனபோது உன்னால் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, ருசி பாக்கறியா, பாட்டில கழுவறியா? சோறு இல்லாம துன்னா வயிறு இன்னாத்துக்கு ஆவும்? குந்து!"

சொல்லாதே என்று மொழிபெயர்ப்பவளுக்கு ஜாடை காட்டினேன். நீ அதையும் பார்த்துவிட்டாய். "அவ கெடக்கறா. அப்டியே சொல்லு, ஒரு வார்த்தைய முழுங்காத."

அவள் சொன்னாள். அம்மாள் கரண்டியை வைத்தார். கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறந்தது துறைமுக ஊராம். அங்கே மீன் விற்ற பெண்களும் இப்படித்தான் கத்துவார்களாம். முதலாளியான பிறகு தன்னை யாருமே திட்டியதில்லை என்றார். பாயில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்படியானால் இந்தத் திட்டையே லேபிளில் போட்டுவிடலாம் என்றேன். இதோடு முடிந்தது என்று நீ நினைத்தாய். அவர் கை கழுவிவிட்டு வந்து, "எனக்குச் சரி. கடையில் பாட்டிலைக் கையிலெடுக்கும் முன்பின் தெரியாதவர் இதைப் படித்தால் திருப்பி வைத்துவிடுவார்" என்றார். நியாயமான பேச்சு.

நீ ஆச்சரியப்பட்டாய். "மொத தபா வர்றவங்கள நான் எங்க திட்றேன்? வாங்கம்மான்னுதான சொல்றேன். ரெண்டாவது தபா வந்தாதான் நம்ம ஆளு."

முப்பது வருடம் உன் கடையில் நின்றிருக்கிறேன். அதைக் கவனித்ததே இல்லை. லேபிளின் முன்பக்கம் வணக்கமும் சமையல் குறிப்பும் மட்டும் போதும் என்றேன். திட்டை லேபிளின் உட்பக்கம் அச்சடிக்கலாம். தொக்கு தீர்ந்தால்தான் கண்ணாடி வழியே தெரியும்.

நீ உடனே சொன்னாய்: "ஒண்டியா காலி பண்ட்டியா? வூட்ல மத்தவங்களுக்கு இன்னா வெச்ச?"

அம்மாள் தயங்கினார். தங்கள் ஊரில் தனியாகச் சாப்பிடுபவர்கள் அதிகம், மனம் நோகும் என்றார். நீ அவர் சாப்பிட்ட தட்டை எடுத்து ஓரமாக வைத்தாய். பிறகு, அவர் தனியாக இருப்பவர் என்று யாரும் சொல்லாமலே, அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாய்: "அப்போ இப்டி போடு. ‘காலி பண்ட்டியா? நல்லது. இனிமேட்டு வேளைக்குத் துன்னு.’"

அதையும் ஒரு வார்த்தை முழுங்காமல் அவள் மொழிபெயர்த்தாள். அம்மாள் குனிந்து வணங்கினார். மறுவாரம் ஆர்டர் வந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஐந்து பேரும் போட்ட கூச்சல் எர்ணாவூர் முழுக்கக் கேட்டிருக்கும்.

இப்போதும் ஒவ்வொரு புது நாட்டுக்கும் அந்த ஷெட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்த நாட்டில் யார் வீட்டில் பிள்ளைகள் அதிகம், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று முதலில் விசாரிக்கிறேன். அதற்கப்புறம்தான் வாக்கியம். பெண்கள் சிரித்தால் வைத்துக்கொள்வேன். சிரிக்காவிட்டால் கிழித்துப் போடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ போனபின் அவர்கள் என்னை ‘வாங்க மேடம்’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலி எல்லாம் போடுவார்கள். போன வாரம் தாமதமாகப் போனேன். ஐவரில் மூத்தவள் அடுப்படியிலிருந்து திரும்பாமலே கத்தினாள்: "இன்னாமே, இப்பதான் வழி தெர்ஞ்சிதா? சோறு ஆறிப் போவுது, வந்து குந்து!"

உட்கார்ந்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டேன்.