ஆறு புள்ளி மூன்று

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்றேனே, போன மாதம் வந்தது நன்றாக இல்லை. குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்று ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், நோய் திரும்பினால் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமாம். ஐந்துக்குள் இருக்க வேண்டும். இதுவரை இரண்டைத் தாண்டவில்லை, இந்த முறை ஆறு புள்ளி மூன்று. முப்பது வருடம் பாய்லர் முன்னால் நின்று அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, எண் ஏறினால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டாக்டரம்மா தாளிலிருந்து நிமிர்ந்து, "சிகரெட் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் உன் அம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இல்லைங்க, விட்டு ஒரு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டேன். பொய், பாப்பா. போன பரிசோதனை முடிந்து திரும்ப வேலைக்குப் போன நாளிலிருந்து பாய்லர் ரூமுக்குப் பின்னால் தினமும் ஆறேழு பிடித்துக்கொண்டிருந்தேன்.

உடனே ஸ்கேன் எடுக்க எழுதிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு காத்திருந்தபோது சீட்டைப் படித்தேன், நோய் திரும்பியதாகச் சந்தேகம் என்று இருந்தது. அந்த அங்கியோடே எழுந்து டாக்டரம்மா அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். உன் அம்மாவும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்று கேட்டுவிட்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. "சிகரெட்டாலயும் இது கொஞ்சம் ஏறும், அதுக்குத்தான் கேட்டேன். ஆனா அதுதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது. ஸ்கேன் எடுங்க, ஆறு வாரம் தொடாம இருந்துட்டு மறுபடி ரத்தம் குடுங்க" என்றார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்பச் சின்னதாக இருந்தால் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம் என்று அதையும் சொல்லி வைத்தார்.

பஸ்ஸில் உன் அம்மா என்னைக் கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். டிக்கெட்டை வாங்கி ஃபைலுக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு, "முப்பது வருசமா அந்த சிகரெட் சனியனைத் திட்டித் தீர்த்தேன். இப்ப இது அது பண்ணின வேலையாவே இருக்கணும்னு கும்பிட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து வாரமாகிறது, ஒன்றுகூடத் தொடவில்லை. தினமும் எடை பார்க்கிறேன், வயிறு லேசாக இரைந்தாலே வேர்த்துவிடுகிறது. வரும் வியாழன் ரத்தம் கொடுக்க வேண்டும். எண் இறங்கிவிட்டால் சரி, இறங்காவிட்டால் என்று யோசிக்கும்போதே எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வருகிறேன். இதைப் படித்துவிட்டு லீவு போட்டு ஓடி வராதே, அம்மாவுக்கு மட்டும் தினம் ஒரு போன் போடு, என் முன்னால் அவள் அழ மாட்டேன் என்கிறாள்.

பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளையும் நீயும் நூறு வருடம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, எனக்கு வந்ததால் நீ நாற்பது வயதிலேயே குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. எங்காவது இப்போதே எழுதி வைத்துக்கொள் கண்ணு, அன்றைக்கு நான் ஞாபகப்படுத்துவேன் என்று இருந்துவிடாதே.

உன் அப்பா