நேசனும் ஏர்பேட்டு இடதுகைக்காரனும்

5 ஜனவரி 1975, ஞாயிறு. சித்தூர்

இன்று ஆலயத்தில் மானம் போயிற்று. ஆராதனை முடிந்து போதகர் ஆசீர்வாதம் சொல்ல வலது கையை உயர்த்தினார். நான் முன்வரிசை. கண்ணை மூடியிருக்க வேண்டியவன், மூடவில்லை. நேற்று சாயங்காலம் மகன் நேசன் குத்துச்சண்டை பழகியதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கை உயர்ந்ததுதான் தெரியும். என் தலை தானாக இடது பக்கம் ஒதுங்கி, முழங்கால் மடங்கி, வலது கை தாடைக்கு வந்துவிட்டது. கர்த்தருடைய கிருபை என் காதோரமாகப் போய்ப் பின்வரிசையில் யார்மேலோ விழுந்திருக்கும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் மனைவி கிருபாவதி, "அம்பது வயசு ஆவப்போவுது. ஆசீர்வாதத்துக்குத் தலைய ஒதுக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

நேசன் சிரித்து ஓய்ந்தபின், "ஒதுங்கினது சரி நைனா. ஆனா கண்ணு கீழ போயிடுச்சி. அடிக்கிறவன் தோளைப் பாக்கணும்" என்றான். மகனிடம் பாடம் கேட்கிற அப்பன் நான்.

மார்ச்சில் திருப்பதியில் போட்டி. அதில் ஜெயிப்பவன்தான் அந்த எடையில் மாநில அணிக்குப் போவான். தாயும் பிள்ளையும் ஓர் உடன்படிக்கை செய்திருக்கிறார்கள். ஜெயித்தால் அவன் இஷ்டம். தோற்றால் கையுறையைப் பரணில் போட்டுவிட்டு, ஜூனில் வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற படிப்பு. கிருபாவதியின் அண்ணன் அங்கே இடம் பேசி வைத்திருக்கிறார். பாக்சிங் வேண்டுமா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

16 ஜனவரி

பொங்கல் முடிந்து கரும்பு வண்டிகள் ஆலை வாசலில் குவிந்துவிட்டன. எடைமேடையை விட்டு எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே, இடது கையை நேரே நீட்டிக் குத்துகிற ஜாப் பழகினேன். மைக்கூடு கீழே.

25 ஜனவரி, சனி

ஆலைக்கு எடை போடும் படிக்கல் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு ரேணிகுண்டா போய்வந்தேன். அங்கே ரயில்வேக்காரர்கள் காட்சிப் போட்டி வைத்திருந்தார்கள். ஏர்பேட்டுக் கோவர்த்தனன் ஆடினான். ரயில்வேயில் பிட்டர், இடதுகைக்காரன், நேசனுடைய எடை. மார்ச்சில் நேசன் தாண்டவேண்டிய ஆள் இவன்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உளவு பார்க்கத்தான் போனேன். பக்தனாகத் திரும்பினேன்.

எதிரே ஆடியவன் செங்கல்வராயன், பட்டாளத்து ஹவில்தார். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. துரத்தமாட்டான், நடப்பான். எதிராளி எந்தப் பக்கம் போக நினைக்கிறானோ அங்கே இவன் கால் முன்னாலேயே இருக்கும். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிற மாதிரி ரிங்கைச் சின்னதாக்கிக்கொண்டே வந்து, மூலையில் வைத்துக் கணக்குத் தீர்ப்பான். இவனை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன் இவன் என்று எழுதியிருப்பேன்.

ஆனால் கோவர்த்தனன் அந்த மூலையில் தானாகவே போய் நின்றுகொண்டான். ஓடவே இல்லை. குத்து வரும், தலை ஒரு விரற்கடை நகரும், குத்து காதோரம் போகும். போன கை திரும்பி வருவதற்குள் இவனுடைய இடது கை போய்ச் சேர்ந்துவிடும். ஒரு விரற்கடைக்கு மேல் நகர்ந்தால் வீண் என்று நினைக்கிறவன் போல. எடைமேடையில் வண்டி ஏறினதும் தண்டு ஆடும். அது நிற்கிறவரை பொறுத்திருந்து கல் வைக்கிறவனுக்குத்தான் சரியான எடை வரும். அந்தப் பொறுமையை முகத்துக்கு நேரே குத்து வருகிறபோது வைத்திருக்கிறானே, அவன் யார்?

நேசன் வேறு ரகம். அவனுக்கு எல்லாமே கால்தான். அடித்த இடத்தில் நிற்கமாட்டான். ஜாப் போட்டு, எதிராளி பதில் எழுதுவதற்குள் விலாசம் மாற்றியிருப்பான். சலூனில் ஒட்டியிருக்கிற முகமது அலி படத்தைக் காட்டி, உங்க பிள்ளை இவர் மாதிரியே ஆடறான் என்கிறார்கள். அலி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆடுவார். நேசனோ கை தாடையை விட்டு இறங்கினால் அவன் அம்மா வந்து ஒன்று போடுவாள் என்று பயந்தவன் மாதிரி ஆடுவான். அலி என்றால் ஊரே பார்க்கும். நேசனை நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும். பார்த்தால் விடமுடியாது.

வெறுங்கையோடு வரவில்லை. ஒன்று கண்டுபிடித்தேன். இடது கையை விடுவதற்குச் சற்று முன்னால் கோவர்த்தனனின் வலது கால் பெருவிரல், ஷூ முனையோடு சேர்ந்து, உள்பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும். ரயிலில் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

26 ஜனவரி, ஞாயிறு

நேசனிடம் பெருவிரல் ரகசியத்தைச் சொன்னேன். களி உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடி கேட்டான்.

"ஒவ்வொரு தடவையுமா நைனா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்ப அது பொறி. அவ்ளோ நல்லா ஆடறவன் காலைக் காட்டிக்கினு இருப்பானா? அந்த விரலை நம்பிப் போறவனுக்கு வேற ஒண்ணு வெச்சிருப்பான்."

எலிப்பொறியில் இருந்த மசால்வடையை வீட்டுக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

கிருபாவதி, "படிக்கல் பாக்கப்போன எடத்துல கால்விரலை ஏன் பாத்தீங்க?" என்றாள். போச்சு.

13 பிப்ரவரி

நேற்று லெந்து காலம், நாற்பது நாள் உபவாசம், ஆரம்பம். நேசன் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டான். எடை ஐம்பத்தேழு கிலோவுக்குள் இருக்கவேண்டும், அதற்காக. சபையில் எல்லோரும் உபவாசம் என்று நினைக்கிறார்கள். ஏசுரத்தினம் உபதேசியார் வாலிபர் கூட்டத்தில் இவன் ஒட்டிய கன்னத்தை உதாரணம் காட்டிப் பேசினாராம். நேசன் தலையைக் குனிந்துகொண்டான். அதையும் தாழ்மை என்றார்களாம்.

2 மார்ச், ஞாயிறு

என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கிருபாவதி விசுவாசம் உள்ளவள். நேசன் ஜெயித்த பிறகு போடுவதற்காக ஸ்தோத்திர காணிக்கைக் கவரை இப்போதே எழுதி வேதாகமத்தில் வைத்திருக்கிறாள். உடன்படிக்கைப்படி அவன் தோற்கவேண்டும் என்று இருப்பவள், ஜெயித்தால் நன்றி சொல்லவும் தயாராக இருந்திருக்கிறாள். அது எனக்கு எப்படித் தெரியும்? காணிக்கைப் பை வந்தது, கவர் இருந்தது, போட்டேன். உபதேசியார் கணீரென்று வாசித்தார்: "மகன் நேசகுமார் திருப்பதி குத்துச்சண்டையில் ஜெயம் பெற்றதற்காக, தியோடர் கிருபாவதி குடும்பம்."

போட்டி அடுத்த சனிக்கிழமை.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு நேசன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இல்லை, இன்னும் ஆடவில்லை என்று அவன் சொல்லச் சொல்ல, "எவ்ளோ விசுவாசம் பாரு" என்று கூடுதலாகக் குலுக்கினார்கள். சபையிலிருந்து ஒரு பஸ் அமர்த்திக்கொண்டு வரப்போகிறார்களாம்.

நேசன் வீட்டில் சொன்னான்: "நான் இப்ப தோத்தா சாமி மேல கேஸ் ஆயிடும் நைனா." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சாயங்காலம் பழகும்போது அவன் தோள் இறுகியிருந்தது. தோள் இறுகினால் ஜாப் நீளாது. என்னால்தான்.

5 மார்ச்

வண்டிக்காரக் கங்கையா எடைமேடையில் கேட்டான்: "இன்னா தியோடர் சாரு, ஆட்டத்துக்கு முன்னாலயே ஜெயிச்சிட்டீங்களாமே. எங்க கரும்பையும் வெட்டறதுக்கு முன்னால எடை போட்டுக் குடுங்களேன்." வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு வழி?

9 மார்ச், ஞாயிறு, மதியம்

நேற்று நடந்ததை நிதானமாக எழுதவேண்டும்.

சபை பஸ் திருப்பதிக்குள் போனபோது மொட்டைத்தலைக் கூட்டம் எதிரே வந்தது. திருமலை ஏறுகிற அலிபிரிக்கு வழி கேட்பவர்கள் என்று நினைத்து ஒரு ஆள் எங்களுக்கு வழிகாட்ட ஓடிவந்தான். உபதேசியார் வேதாகமத்தைத் தூக்கிக் காட்டினார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இறுதி ஆட்டத்தில் நினைத்தபடி கோவர்த்தனன்தான். கிருபாவதி மணி அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் ரவுண்டு நேசனுடையது. இடதுகைக்காரனோடு ஆடும்போது நம் முன்கால் அவன் முன்காலுக்கு வெளிப்பக்கம் இருக்கவேண்டும். அந்த ஒரு சாண் இடத்துக்குத்தான் சண்டை. ஜனங்கள் கையைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். நேசன் அந்த இடத்தைப் பிடித்தான், ஜாப் போட்டான், போய்விட்டான். மறுபடியும் பிடித்தான். தோள் இறுக்கம் எங்கே போயிற்றோ, தண்ணீர்மேல் நடக்கிறவன் மாதிரி இருந்தான். நம் ஜனம் பாட்டையே ஆரம்பித்துவிட்டது. நடுவர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது ரவுண்டில் கோவர்த்தனன் அவனைப் படித்துவிட்டான். வருகிற ஜாபை வலது உள்ளங்கையில், விழுகிற புளியங்காயை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு, இடது கையால் பதில் சொன்னான். நேசன் விலாசம் மாற்றுவதற்குள் கடிதம் போய்ச் சேர்ந்தது. மூக்கு சிவந்தது. அந்தப் பெருவிரல் திரும்பித் திரும்பிக் கூப்பிட்டது. நேசன் போகவே இல்லை.

மூன்றாவது ரவுண்டு. விரல் திரும்பியது. நேசன் போனான். இல்லை, பாதி போய் நின்றான். கோவர்த்தனன் பொறியை இழுத்துவிட்டான், இடது கை நேசனின் காதோரம் காற்றில் போனது, நேசனின் வலது கை அவன் விலாவில் இறங்கியது. கோவர்த்தனன் ஓரடி பின்னால் வைத்து அவனைப் பார்த்தான். பல்லுறையோடு சிரித்தான். நேசனும் சிரித்தான். மண்டபம் நிறைய ஆள் இருந்தும் அவர்கள் இருவர்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி விரல். மறுபடி நேசன் பாதி போய் நின்றான். இந்தத் தடவை இடது கை வரவில்லை. தோள் மட்டும் அசைந்தது. வராத குத்துக்கு நேசன் தலையை ஒதுக்கினான், ஒதுக்கிய இடத்தில், பக்கவாட்டில் வளைந்து வருகிற வலது கை ஹூக் காத்திருந்தது. பொறிக்குள் ஒரு பொறி, அதைப் புதிதாக, அங்கேயே, ஆட்டத்துக்கு நடுவில் செய்திருக்கிறான்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

"ஏங்க, அடி வாங்கினது நம்ம புள்ளைங்க" என்றாள் கிருபாவதி. அப்போதுதான் தெரிந்தது, அவள் கண் திறந்திருக்கிறாள் என்று.

ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் கோவர்த்தனனுக்கு, இரண்டு பேர் நேசனுக்கு. சரியான தீர்ப்பு. உபதேசியார் மட்டும் மேல்முறையீடு உண்டா என்று கேட்டார்.

ஆட்டம் முடிந்து கோவர்த்தனன் எங்களிடம் வந்தான். பக்கத்தில் பார்த்தால் கூச்சக்காரன், தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிறவன். ரேணிகுண்டாவில் விரலை நான்தான் பார்த்தேன் என்று நேசன் என்னைக் காட்டிக்கொடுத்தான்.

"தெரியும் சார். எதிராளி பக்கத்துலேந்து யாரன்னா வந்து பாத்துக்கினு போவாங்கன்னுதான் அன்னிக்கி அவ்ளோ தடவ திருப்பினேன். முன்வரிசையில குனிஞ்சி குனிஞ்சி பாத்துக்கினு இருந்தது நீங்கதானே?"

ஜனவரியிலேயே என்னை அடித்துப் போட்டிருக்கிறான். எனக்குத்தான் வலி தெரியவில்லை.

பஸ்ஸில் யாரும் பாடவில்லை. புத்தலப்பட்டு தாண்டியதும் கிருபாவதி என் காதில் சொன்னாள்: "இதை அடிச்சிக்கினு சாவறதுன்னு நெனச்சேன். இப்படி இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே. வேணும்னா இன்னொரு வருசம் ஆடட்டும். அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்."

10 மார்ச்

கைதட்டிய கை இன்னும் எரிகிறது. குத்து வாங்கியவனுக்குக்கூட இவ்வளவு வலி இல்லை.

16 மார்ச், ஞாயிறு

கிருபாவதி உடன்படிக்கையை நேசனிடம் அவிழ்த்துவிட்டாள். "உன் இஷ்டம். வேலூர் இடம் ஜூன் வரைக்கும் இருக்கும்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்து, "நைனா இன்னா சொல்றாரோ அதான்" என்றான்.

கரும்பு வண்டி வந்துவிட்டது என்று எழுந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு வண்டியே வராது. கேள்வியைக் காதோரம் விட்டேன், அவ்வளவுதான்.

20 ஏப்ரல்

கோவர்த்தனன் மாநில அணியோடு கிளம்பிவிட்டானாம். நேசன் காலையில் கொஞ்சம் ஓடுகிறான். பழகுவது குறைந்துவிட்டது.

14 ஜூன், சனி

இன்று நேசனை வேலூர் பஸ் ஏற்றினேன்.

படிக்கப் போகிறேன் என்று அவனே முடிவு செய்து பெட்டி கட்டிவிட்டான். ஆனாலும் காலையில் கிருபாவதி, "இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போவல. இருடா, ஒரு வருசம் ஆடிட்டுப் போ" என்றாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டான்.

"நெசமா சொல்லு நைனா. நீ ரெண்டு பேரையும் பாத்திருக்கே. இன்னொரு வருசம் ஆடினா அவனைப் பிடிச்சிடுவேனா?"

பொய் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவன் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன அசைவு இருந்தாலும் கண்டுபிடித்திருப்பான்.

"இல்லடா. நீ ஒண்ணு கத்துக்கறதுக்குள்ள அவன் ரெண்டு கத்துக்கினு இருப்பான்."

"அதான் நானும் நெனச்சேன்" என்றான். முகத்தில் கசப்பு இல்லை. பாரம் இறங்கின வண்டி மாதிரி நிமிர்ந்து நின்றான். "ஆனா அந்த மொதல் தடவ, விரலுக்குப் பாதி போய் நின்னேனே. அது நல்லா இருந்திச்சி இல்ல?"

"அது ரொம்ப நல்லா இருந்திச்சி."

கண்டக்டர் விசில் ஊதினான். நேசன் படியில் கால் வைத்தபடி ஒரு தடவை திரும்பினான், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல. வேளாவேளைக்குத் துன்னு, அம்மாவுக்கு லெட்டர் போடு என்றேன்.

ஜெயிக்கமாட்டாய், தெரியும், இருந்தாலும் ஆடு, எனக்குப் பார்க்கவேண்டும் - அதைத்தான் சொல்லவில்லை.