பக்கம் மாறி வெட்டிய இரும்புத் துண்டு

என் செல்ல மெற்றில்டாவுக்கு,

உன் படத்தைப் போட்டு, சுற்றிவரப் பூ வைத்து, பத்திரிகையில் கட்டம் கட்டி அஞ்சலி போடுவோம் என்றுதான் இவர் சொன்னார். இவர் என்றால் என் கணவர். நீ கடைசிவரை பார்க்காத மனிதர். நான் வேண்டாம் என்றுவிட்டேன். என்னிடம் இருக்கிற ஒரே படத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய். அதைப் போட்டால் மேலே இருந்து இறங்கி வந்து சண்டை பிடிப்பாய். அதுதான் கடிதம் எழுதுகிறேன். ரொறொன்ரோத் தமிழர் எல்லாரும் வாசிக்கட்டும், எனக்கொன்றுமில்லை.

நீ போய் இது இரண்டாவது குளிர்காலம். நாங்கள் டோர்செட் பார்க்கில், வானத்துக்குப் பக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் இருக்கிறோம். லிஃப்டில் ஏறினால் எங்கள் சனம், பஸ்ஸில் ஏறினால் எங்கள் சனம். இத்தனை தமிழருக்கு நடுவில் தனிமையாக இருக்கிறது என்று சொன்னால் ஆர் நம்புவார்கள்? ஜேர்மனியில் அந்தச் சின்ன ஊரில் தமிழ் பேச நீயும் நானும் மட்டும்தான். அங்கே எனக்கு இந்தத் தனிமை இருக்கவில்லை மெற்றி.

அந்தப் பட்டறைப் பள்ளிக்கூடம் உனக்கு நினைவிருக்கிறதா? வாசலில் நீலப் பலகை, அதில் மஞ்சள் நட்சத்திரங்கள். வேலையில்லாத பெண்களுக்கும் அகதிகளுக்கும் தொழில் பழக்க ஐரோப்பா கொடுத்த பணத்தில் நடந்த வகுப்பு. தையல் மெசின் தருவார்கள் என்று நினைத்துப் போனோம். இரும்பு வெட்டுகிற மெசினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நானும் மன்னாரிலிருந்து வந்த நீயும், கையில் கிறீஸோடு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது.

ஐரோப்பாவின் தலைமைக் கந்தோர் இருக்கிற பிரசல்ஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் வகுப்பைப் பார்க்க வந்தாரே, அந்த நாளை நான் எத்தனையோ தரம் எனக்குள்ளே ஓட விட்டுப் பார்த்துவிட்டேன். கைத்தொழில் தெரிந்த சனம் இருந்தால்தான் ஐரோப்பா முன்னேறும், ஒரு நாட்டில் பழகிய தொழிலுக்கு மற்ற நாட்டிலும் மதிப்பு இருக்க வேண்டும், அதற்குத்தான் கொள்கை வகுக்கிறோம் என்று நல்லாய்ப் பேசினார். எல்லாரும் தலையாட்டினோம். நீ மட்டும் கையைத் தூக்கினாய்.

"என்ர அக்கா பாரிசில இருக்கிறா. இந்தச் சேர்ட்டிபிக்கெற்றோட நான் அங்க போய் வேலை செய்யலாமோ?"

அவர் உன்னுடைய அகதிக் கடுதாசியைப் பற்றி விசாரித்தார். பிறகு முகம் சுருங்கி, அது வேறு இலாகாவின் விஷயம் என்று இழுத்தார். வெளியே வந்து நீ எனக்குச் சொன்னாய்: "விளங்கிச்சோ பத்மாக்கா? சேர்ட்டிபிக்கெற் பாரிசுக்குப் போகலாமாம். நான்தான் போகேலாதாம்." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்களை நம்பி ஒரு தொழிலைக் கையில் தந்தது அவர்கள்தான். ஆனால் நீ வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தபோது அக்கா ஒரு நாட்டில், நீ ஒரு நாட்டில். நான் கலியாணம் கட்டி இங்கே வந்து, பாஸ்போட் இல்லாமல் அந்தரித்துக்கொண்டிருந்தேன். அக்கா ரெலிபோனில் சொல்லித்தான் உன் செத்தவீடு முடிந்ததே எனக்குத் தெரியும். கடைசியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆர் இருந்தது? தமிழில் ஒரு வார்த்தை உனக்குக் கேட்டதோ?

சரி, அழுவதற்காக எழுதத் தொடங்கவில்லை. உனக்குச் சொல்ல ஒரு புதினம் வைத்திருக்கிறேன்.

இங்கே வந்து இவ்வளவு காலமும் பிஸ்கட் ஃபக்டரியில் பெட்டி அடுக்கினேன். எங்கள் சான்றிதழைக் காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்' இருக்கிறதா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். போன கிழமை ஸ்காபரோவில் ஒரு சின்ன மெசின் ஷொப்பில் மட்டும், கடுதாசி தேவையில்லை, செய்து காட்டு என்றார்கள். ஃபோர்மன் ஒரு வரைபடத்தையும் இரும்புக் கட்டியையும் தந்தார். ஒரு பள்ளமும் இரண்டு துளையும் போட வேண்டும். மெசினைத் தொட்டதும் கை தானாக ஓடியது. அளவெல்லாம் அங்குலத்தில் இருந்தது, அதையும் சமாளித்தேன். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

ஃபோர்மன் அளந்தார். ஒரு அளவும் பிழைக்கவில்லை. பிறகு வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பள்ளமும் துளையும் இருக்க வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தன.

உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாய். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குப் பழக்கிய முறையில், ஒரு பொருளை இடப்பக்கம் நின்று பார்த்தால் தெரிவதை, படத்தின் வலப்பக்கத்தில் கீறுவார்கள். ஐரோப்பாவில் அப்படித்தான். இங்கே இடப்பக்கம் தெரிவதை இடப்பக்கத்திலேயே கீறுகிறார்கள். எந்த முறை என்று காட்ட மூலையில் ஒரு சின்னக் குறி இருக்கும். நான் அந்தக் குறியைப் பார்க்கவே இல்லை. அங்கே படித்த எவள் பார்ப்பாள்?

"சொறி" என்றார் ஃபோர்மன். பஸ்ஸில் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இவர் கேட்டார், "என்ன, அளவு பிழைச்சுப்போச்சோ?"

"அளவு சரியப்பா. பக்கம்தான் பிழை."

"அளவு சரியெண்டா பிறகென்ன? திருப்பி வைச்சுச் சரி பண்ணேலாதோ?"

நல்ல மனிதர். என்னைத் தேற்றத்தான் பார்த்தார். தேத்தண்ணீர்கூடப் போட்டுத் தந்தார். "உந்த வேலையை விடும், பிஸ்கட் வேலை இருக்குத்தானே," என்றார். நான் குசினிக்குள் நின்று அழுதேன். வேலை போனதற்கு இல்லை மெற்றி. இந்தப் பிழை என்ன பிழை என்று விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரேயொரு ஆள் இந்த உலகத்தில் இல்லையே என்றுதான் அழுதேன்.

அடுத்த நாள் காலமை வெட்கத்தை விட்டுவிட்டு அந்தத் துண்டோடு திரும்பப் போனேன். ஃபோர்மனுக்கு ஆச்சரியம். சரிவராமல் போன ஆள் ஒருவரும் திரும்பி வருவதில்லையாம். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும்தானே. அதனால் வாயை நம்பாமல் பென்சிலை எடுத்தேன். அந்தத் துண்டின் படத்தைக் கடுதாசியில் இரண்டு விதமாகவும் கீறிக் காட்டினேன். "இது உங்கட முறை. இது நான் படிச்ச முறை," என்றேன். அவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் துண்டை எடுத்துக்கொண்டு கைகழுவுகிற இடத்துக்குப் போய், அங்கிருந்த கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் அது வரைபடத்தில் இருந்தபடியே நின்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கோபம் வரவில்லை எனக்கு, நானும் சிரித்தேன். புதிதாக ஒரு கட்டியை எடுத்துத் தந்தார். இந்தமுறை முதலில் மூலையைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை தொடங்குகிறேன்.

இவருக்கு ரெலிபோன் பண்ணிச் சொன்னேன். "நல்லது, சப்பாத்தைக் கவனமாப் போட்டுக்கொண்டு போம், இரும்பு காலில விழுந்திடும்," என்றார். மாமிக்குச் சொன்னேன். பொம்பிளையளுக்கும் உந்த வேலை கொடுப்பாங்களோ என்று கேட்டா. பக்கத்து வீட்டு அன்ரி, சம்பளம் கூடவோ என்றா. எல்லாருக்கும் ஓம், ஓம் என்றேன். பிறகு ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் நம்பர் இன்னும் எனக்குப் பாடம். இப்போது அதை ஆர் எடுப்பார்கள்?

மெற்றி, ஒரு வாக்குத் தருகிறேன். இந்த ஊருக்கு உலகம் முழுவதிலுமிருந்து சனம் வந்துகொண்டே இருக்கிறது. என்றைக்காவது ஒரு புது ஆள், அளவு சரியாகவும் பக்கம் பிழையாகவும் வெட்டிய துண்டோடு எனக்கு முன்னால் வந்து நிற்கும். பிழை என்று நான் சொல்லமாட்டேன். எங்கே படித்தனீ என்றுதான் முதலில் கேட்பேன். நீயும் நானும் படித்த ஊரின் பெயரைச் சொன்னால், அந்த ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டு, உன்னைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பேன்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
பத்மா